டப்பாவில் வளர்ந்த பெண்

என் மகளை ஊரில் டப்பாக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். சீமையிலிருந்து கப்பலில் வந்த பால்மாவைக் குடித்து வளர்ந்தவளாம். அந்த மாவு அவள் வயிற்றுக்குள் ஒரு சிட்டிகைகூடப் போனதில்லை. அது என் நாத்தனார் வீட்டுக்காரர் கட்டிவிட்ட கதை. அவர் எதைச் சொன்னாலும் ஊர் நம்பும். குரல் அப்படி.

அவள் பிறந்தபோது வெள்ளைக்காரனும் ஜெர்மன்காரனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதியமான்கோட்டையை ஒட்டிக் காடும் கிணறும் வைத்துக்கொண்டு கேழ்வரகு விதைக்கிற எங்களுக்கும் அந்தச் சண்டைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் மண்ணெண்ணெய் போச்சு, சர்க்கரை போச்சு, தர்மபுரியிலிருந்து மொரப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன ரயிலும் நின்று போச்சு. கடைசியில் என் பாலும் போச்சு. அதற்கு ஜெர்மன்காரனைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை பெற்ற கையோடு விஷக்காய்ச்சலில் படுத்தேன். எழுந்து உட்கார்ந்தபோது மார் வற்றிக் கிடந்தது.

பசும்பால் கொடுத்தால் குழந்தைக்குப் பேதியானது. ஆட்டுப்பால் கொடுத்தால் கக்கியது. கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடித்த பாலைச் சங்கில் ஊற்றினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. பிடிவாதத்தில் அப்பன் வீட்டுப் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தர்மபுரி டாக்டர் அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சீமை டப்பாப் பால்தான் ஒத்துக்கொள்ளும் என்றார். அது எங்கே கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சண்டைக்கு முன்னால் எல்லாக் கடையிலும் கிடைத்தது என்றார் டாக்டர்.

கடைக்காரர் கையை விரித்தார். "கப்பலே வரலீங்க. வர்ற ஒண்ணு ரெண்டும் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருது. வெளிய விக்கக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு."

என் வீட்டுக்காரர் பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓட்டிய கரி பஸ்ஸில் ஏறிச் சேலம் போனார். தொப்பூர் ஏற்றத்தில் எல்லோரும் இறங்கி பஸ்ஸைத் தள்ளினார்களாம். டிக்கெட் எடுத்துவிட்டுத் தள்ளினோம் என்பதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சேலத்திலும் மாவு இல்லை. ஒரு மருந்துக்கடைக்காரர் பரிதாபப்பட்டு ஒரு காலி டப்பாவைக் கொடுத்தனுப்பியிருந்தார். வேறு எங்காவது கேட்கும்போது காட்டலாமே என்று. டப்பாமேல் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. என் குழந்தை பக்கத்தில் சுருண்டு கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டப்பாவைக் கிணற்றில் வீசியிருப்பேன். எழுந்து நடக்கத் தெம்பில்லை.

இத்தனைக்கும் பால் ஊரிலேயே இருந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் இருந்தது. என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார், அந்த வருஷம்தான் பையன் பெற்றிருந்தாள். அவன் குடித்தது போக மிச்சம் முந்தானையை நனைக்கும். என் குழந்தை அழுகிற சத்தம் சந்து தாண்டிக் கேட்டாலே அவளுக்குச் சுரந்துவிடும். வந்து வாசலில் நின்று, நனைந்த முந்தானையைக் கையால் மறைத்துக்கொண்டு, திரும்பிப் போவாள்.

ஏன் என்று கேட்பீர்கள். முறை!

அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொள்கிற முறை. ஆனால் ஒரே மாரில் பால் குடித்தால் அண்ணன் தங்கச்சி ஆகிவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்புறம் எங்கே தாலி கட்டுவது? என் மகள் பிறந்த அன்றைக்கே நாத்தனார் வீட்டுக்காரர் கற்கண்டு கொண்டுவந்து எல்லோர் வாயிலும் போட்டு, "எம் மருமவ வந்துட்டா" என்றார். எனக்கு வேறு பிள்ளை பிறக்காது என்று மருத்துவச்சி சொன்னதும் அவர் காதில் விழுந்திருந்தது. கிணற்றோடு சேர்ந்த எங்கள் காடு அவர் காட்டுக்குப் பக்கத்துக் காடு. வேலியை எடுத்துவிட்டால் ஒரே காடு. அதை அவர் வாயால் சொன்னதில்லை. அந்தப் பக்கம் பார்த்தபடிதான் எப்போதும் வெற்றிலை போடுவார்.

"மச்சான், அவசரப்பட்டு மொறயக் கெடுத்துடாதீங்க" என்றார் என் வீட்டுக்காரரிடம். "டப்பாவுக்குப் போட்ட உத்தரவத் தளத்தப் போறாங்களாம். பாலக்கோட்டுல பேசிக்கிட்டாங்க. கப்பல் பொறப்பட்டாச்சாம்."

நல்லா இருக்கே கதை! பதினாறு வருஷம் கழித்து நடக்கப்போகிற கல்யாணத்துக்காக, நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று கிடக்கிற குழந்தையைப் பட்டினி போடுகிறார்கள். பம்பாயில் இறக்குவார்களா, மெட்ராசில் இறக்குவார்களா, மொரப்பூரிலிருந்து வண்டி கட்டலாமா என்று ஆண்கள் களத்து மேட்டில் உட்கார்ந்து பேசினார்கள். என் வீட்டுக்காரர் சாது. நடுவில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். அந்தத் தலையை நான் வேறு எதற்கும் இவ்வளவு வெறுத்ததில்லை.

ஒருநாள் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. தூங்குகிறது என்று ஆண்கள் சந்தோஷப்பட்டார்கள். சந்துக்கு அந்தப் பக்கம் என் நாத்தனாருக்கு மட்டும் புரிந்துவிட்டது. உச்சி வெயிலில் வந்தாள். வறட்டி தட்டிக்கொண்டிருந்த கை. தொட்டித் தண்ணீரில் அலம்பிக்கொண்டு நேரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குடுங்க அண்ணி."

"ஏம்மா, உங்க வூட்டுக்காரரு ஏதாச்சும் சொன்னா?"

"அவரா வந்து பாலு குடுப்பாரு?"

குழந்தைக்கு முதலில் உறிஞ்சக்கூடத் தெம்பில்லை. அவளே பீய்ச்சி உதட்டில் விட்டாள். நக்கியது. பிறகு கவ்வியது. நல்ல சேதி கேட்டால் வயித்துல பால வாத்தீங்கன்னு சொல்வோமே, அன்றைக்கு என் கண்முன்னால் நிஜமாகவே வார்த்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

நாத்தனார் வீட்டுக்காரர் வந்தார். குதித்தார். "போச்சு! மொற போச்சு! எல்லாம் போச்சு!" என்று துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். என் நாத்தனார் அசையவில்லை. குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவர் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துக்கொண்டே மூலையில் கிடந்த காலி டப்பாவைப் பார்த்தார். குடிப்பதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் அந்த டப்பா எங்கள் வாசல் மாடத்தில் இருந்தது. படம் தெருவைப் பார்த்து இருந்தது. "சேலத்துல ஆளப் புடிச்சு வாங்கியாந்தோம்" என்று ஊரெல்லாம் சொன்னார். என் நாத்தனார் மாட்டுக்கொட்டகை வழியாக வருவாள், பால் கொடுப்பாள், அதே வழியாகப் போவாள். முறையும் பத்திரம், பிள்ளையும் பத்திரம். வருகிறவர்கள் மாடத்து டப்பாவையும் கொழுத்துப்போன என் மகளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "சீமைச் சரக்குன்னா சும்மாவா?" என்பார்கள். நான் ஊமைபோல் உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறந்தால் கொட்டகை வழி அடைபட்டுவிடும்.

சண்டை முடிந்தது. உத்தரவும் ஒருவழியாகத் தளர்ந்தது. கப்பல் வந்தது, டப்பா வந்தது. தர்மபுரிக் கடையில் கோபுரமாக அடுக்கி வைத்தார்கள். பாப்பாரப்பட்டிச் சந்தையில்கூட வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்து விற்றார்கள். தாயில்லாக் குழந்தைக்கும் நோயாளி பெற்ற குழந்தைக்கும் அது பெரிய தெய்வம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கு வேண்டியபோது ஒரு டப்பா வந்திருந்தால் நானே கற்பூரம் கொளுத்தியிருப்பேன். ஆனால் எங்கள் ஊரில் அதை வாங்கியவர்கள் நல்ல பால் இருக்கிறவர்கள். டப்பாக்குட்டி மாதிரி எங்கள் பிள்ளையும் வரட்டும் என்று வாங்கினார்கள்.

எதிர்வீட்டில் ஒரு சின்னப் பெண், தலைப்பிரசவம். அவள் புருஷன் ஆசையாக டப்பா வாங்கி வந்தான். பால்மாவு என்றுதானே பேர்? எங்கள் ஊரில் மாவு என்றால் ஒன்றுதான் செய்யத் தெரியும். உலை வைத்து, மாவைத் தூவி, கட்டிதட்டாமல் துழாவிக் கூழாகக் காய்ச்சினாள். டப்பா சீக்கிரம் தீரக் கூடாது என்று நீர்க்கக் காய்ச்சினாள். கேழ்வரகுக் கூழைப் போலவே பழையதாக வைத்திருந்து மறுநாளும் கரைத்து ஊற்றினாள். குழந்தைக்கு வயிறு நிற்கவில்லை.

"அக்கா, நீங்க எப்படித் துழாவுனீங்க?" என்று கேட்டாள்.

நான் எங்கே துழாவினேன்? "ஓங்கிட்டதான் பாலு இருக்குதே கண்ணு, இது எதுக்கு? தூக்கிப் போடு" என்றேன். என் பிள்ளை மட்டும் குண்டாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பொறாமை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் அழுதுகொண்டு திரும்பியதைப் பார்த்து, கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்தது என்று நாத்தனார் வீட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டப்பா விஷயத்தில் ஊருக்கே அவர்தான் வாத்தியார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார் என்று நினைக்கிறேன். ஒரு புது டப்பா வாங்கிவந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து, எல்லோரையும் கூப்பிட்டு, லோட்டாவில் கலக்கினார். எதிர்வீட்டுப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தை அழவில்லை. அந்த மாதிரி அழாமல் கிடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஓரத்தில் நின்ற என் நாத்தனாருக்கும் தெரியும்.

"எம் மருமவ குடிக்கறதப் பாருங்க" என்று என் மகளை இழுத்து லோட்டாவை வாயில் வைத்தார். அவளுக்கு அப்போது நன்றாகப் பேச்சு வந்திருந்தது.

ஒரு வாய் குடித்தாள். அவர் வேட்டிமேலேயே துப்பினாள்.

"இது பாலு இல்ல. அத்தகிட்ட இருக்கறதுதான் பாலு" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் தாண்டிப் போய், என் நாத்தனாரின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் சிரித்தார். "புள்ள வெளாடுது" என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார்.

என் நாத்தனார் எதிர்வீட்டுக் குழந்தையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"புள்ள நெசத்தத்தான் சொல்லுது. அவ எம் பாலு குடிச்சு வளந்தவ. இந்த வூட்டுல இருக்கறது வெறும் டப்பா, மாவு இல்ல."

"ஏய்! மொற..."

"மொற போனாப் போவுதுங்க. இந்தப் புள்ள போயிரும்போல இருக்குது, பாருங்க."

சொல்லிக்கொண்டே அந்தக் குழந்தையை வாங்கி, அவர் கலக்கி வைத்த லோட்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மாரில் போட்டுக்கொண்டாள். டப்பாவை நம்பிப் பால் வற்றிப்போயிருந்த தாய்க்குச் சுரப்பு திரும்பும்வரை அவள்தான் கொடுத்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. பெண் குழந்தைதான். அந்த வீட்டுக்காரர்கள் எங்களுக்குத் தூரத்து உறவு, அதுவும் முறைதான். ஒரே மகனுக்கு இரண்டாவது முறைப் பெண்ணும் தங்கச்சி ஆனதை மனுஷர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தார்.

அப்புறம் வெகுகாலம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மாடத்து டப்பாவை நான் எடுத்து உப்பு போட்டு வைத்துக்கொண்டேன். மூடி நன்றாக இறுகும்.

என் மகளைப் பாலக்கோட்டுப் பக்கம் கொடுத்தோம். கல்யாணத்தில் மச்சான் முறை செய்கிற நேரம் வந்தது. பெண்ணுக்கு உடன்பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்கு அதைச் செய்ய வேண்டும். பெண்ணோடு கூடப்பிறந்தவர் யாரு, வாங்க என்று மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டார்கள். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? பந்தலில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

பின்னாலிருந்து அந்தப் பெரிய குரல் கேட்டது. அவர்தான். தம் மகனைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"எம் பையன்தாங்க. ரெண்டும் ஒரே பாலு குடிச்சது."

என் நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை. வந்தது வரட்டும் என்று நின்ற இடத்திலேயே நன்றாக அழுதேன்.