நாற்காலி வேண்டாம் என்ற மேடம்

பாப்பா, தம்பி, நம் வேனில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் கிடக்கும் அந்த இரண்டு சிவப்பு நாற்காலிகளை ஏன் குடோனில் மற்றவற்றோடு அடுக்குவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நாற்காலி பற்றாத முகூர்த்த நாளில்கூட அவற்றை இறக்க விடாமல் நான் உங்கள் அம்மாவிடம் திட்டு வாங்கியதைப் பார்த்திருக்கிறீர்கள். வாயால் சொல்லிப் பார்த்தேன். பாதியில் யாராவது ஷாமியானா கேட்டு போன் செய்துவிடுகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது நம் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் இருந்த ஒரு மேடத்தைப் பற்றி. குவார்ட்டர்ஸிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் படித்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். அம்மா காலமானதும் அப்பாவுக்குத் துணையாகத் திரும்பி வந்து, வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் பர்மனென்ட். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஒருநாள் மேடம் நம் கடைக்கு ஸ்கூட்டியில் வந்து, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒரு கூட்டம் நடத்தப்போவதாகச் சொன்னார். கட்சிக் கூட்டமா, கோயில் கூட்டமா என்று கேட்டேன். சிரித்தார். "தொழில் ஆரம்பிச்சவங்க ஒரு பக்கம் இருக்காங்கண்ணே. காசு வெச்சிருக்கவங்க ஒரு பக்கம். சாஃப்ட்வேர் எழுதத் தெரிஞ்சவங்க ஒரு பக்கம். மூணு பேரும் இந்தச் சுத்துவட்டாரத்துலதான் இருக்காங்க. பண்ருட்டிக்காரர் மெட்ராஸ்ல போயி ஆள் தேடறாரு. அவரு தேடற ஆளு இங்க பக்கத்துல வடக்குத்து ஊர்ல சும்மா உக்காந்திருக்காரு. ஒரு டீ குடிக்கிற நேரம் மூணு பேரையும் ஒரே எடத்துல நிறுத்தணும், அவ்ளோதான்."

'நிறுத்தணும்' என்றுதான் சொன்னார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு, மற்ற விசேஷங்களுக்குச் செய்வதைப்போலவே செய்து கொடுத்தேன். பிளாக்கின் சமுதாயக் கூடத்தில் மேடை, பின்னால் ஃப்ளெக்ஸ், மைக் செட், முன்வரிசையில் குஷன் வைத்த நாற்காலிகள், அவற்றின் முதுகில் வெள்ளைத் துண்டு. சென்னையிலிருந்து காரில் வந்த முதலீட்டாளர்கள் துண்டு போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தொழில் ஆரம்பித்தவர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறி, படம் போட்டுக் காட்டிப் பேசினார்கள். சாஃப்ட்வேர் பையன்கள் கடைசி வரிசையில், கதவோரம், எப்போது எழுந்து போகலாம் என்பதுபோல் இருந்தார்கள். சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், இருட்டுவதற்குள் திண்டிவனம் தாண்ட வேண்டும் என்று கார்கள் கிளம்பிவிட்டன. ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. மேடம் மேடையின் படிக்கட்டில் உட்கார்ந்து நான் நாற்காலி அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். போட்டேன். டீ இறக்கிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வட்டம் இல்லை. வந்தவர்கள் அவரவர் நாற்காலியை இழுத்து இழுத்து வரிசை ஆக்கிவிட்டார்கள். அன்று பெரிய ஆள் யாரும் வரவில்லை. ஆனாலும் முன்வரிசையை யாருக்கோ என்று காலியாக விட்டுவிட்டு எல்லோரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. மனிதர்கள் பந்தலுக்குள் நுழைந்ததும் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலியைத்தான் பார்க்கிறார்கள். எது தனக்கு, எது தனக்கில்லை என்று கண் அளந்துவிடும். அதுவும் நம் டவுன்ஷிப்பில் பிளாக் நம்பரைச் சொன்னாலே அப்பாவின் கிரேடு இன்னதென்று எதிராளிக்குத் தெரிந்துபோகும். அப்படி வளர்ந்தவர்களை வட்டமாக உட்கார் என்றால் எங்கே உட்காருவார்கள்?

மூன்றாவது மாதம் மேடம் போன் செய்தார். "அண்ணே, இந்தத் தடவ ஹாலுக்குள்ள வேணாம். வெளிய முத்தத்துல ஷாமியானா, ரெண்டு ஃபேன், டீ வைக்க ஒரு டேபிள். அவ்ளோதான்."

"சேரு எத்தினிங்க மேடம்?"

"சேர் வேணாம்."

"கம்மியா போடட்டுங்களா?"

"ஒண்ணுகூட வேணாம்ணே. நீங்க உக்காரவும் ஒண்ணு கொண்டாராதீங்க."

நாற்காலி வாடகைக்கு விடுகிறவனிடம் இப்படிச் சொன்ன ஒரே வாடிக்கையாளர் அவர்தான். உங்கள் அம்மாவிடம் சொன்னபோது, "நாளிக்கு சாப்பாட்டுக் கடையில போயி சோறு வேணாம்னு சொல்லுமா அது?" என்று கேட்டாள்.

ஆனால் நான் பார்த்தேன். முதலில் எல்லோரும் சுவரோரமாகப் போய்ச் சாய்ந்து நின்றார்கள். டீ மேசையை மேடம் ஓரத்தில் போடவிடாமல் நட்டநடுவில் போட வைத்திருந்தார். டீக்காக நடுவில் வந்துதானே ஆக வேண்டும். வந்தவர்களை முழங்கையைத் தொட்டு இன்னொருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் அறிமுகப்படுத்தும் விதம் வேறுமாதிரி இருந்தது. நம் விசேஷ வீட்டு மைக்கில் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, அவருக்கு என்ன பட்டம் இருக்கிறது, எத்தனை கடை இருக்கிறது என்று இருப்பதை எல்லாம் சொல்வார்கள். மேடம் இல்லாததைச் சொல்வார். "இவருகிட்ட மெஷின் இருக்கு, அத விக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல." "இவனுக்கு நல்லா ப்ரோக்ராம் எழுத வரும், எதுக்கு எழுதறதுன்னு தெரியல." சொல்லப்பட்டவர் கூச்சத்தோடு சிரிப்பார். எதிரில் நிற்பவர், "எனக்கும் அதே கதைதாங்க" என்பார். அதற்குமேல் மேடம் அங்கே நிற்கமாட்டார். அடுத்த ஆளின் முழங்கையைத் தேடிப் போய்விடுவார்.

கூடம் ஊழியர் பெயரில்தான் கிடைக்கும் என்பதால் மேடத்தின் அப்பா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து கேட் ஓரம் நிற்பார். வருகிறவர்களிடம் எல்லாம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்ன தொழில் தம்பி? சரி. இது பர்மனென்ட்டா?"

திருவதிகையிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தது. பலாத்தோப்புக்காரர்கள் எத்தனை பழம் முதிர்ந்திருக்கிறது என்று போனில் போட்டால், வெளியூர்க் கடைக்காரர் நேரே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு தொழிலைத் தொடங்கியிருந்தது. பெரியவர் அந்தப் பெண்ணையும் கேட்டார். "கான்ட்ராக்ட்கூட கிடையாதுங்க ஐயா. எனக்கு நானே வேல குடுத்துகினு இருக்கன். சம்பளம்தான் இன்னும் குடுக்கல" என்றது. பெரியவர் என் பக்கம் திரும்பி, "இதுங்களையெல்லாம் நம்பி எம்மக இருக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார்.

கவலைக்குக் காரணம் இருந்தது. அவர் ரிட்டயர் ஆகும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போக வேண்டும். இங்கே எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள். மேடத்துக்குப் போக மனமில்லை. பிறந்த ஊரில் இருந்து இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம். கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. "ஒரே ஒரு கம்பெனி. உன் கூட்டத்துல சந்திச்சவங்க இந்த ஊர்ல போர்டு மாட்டி, நாலு பேருக்குச் சம்பளம் குடுக்கட்டும். நான் சாவி குடுக்கற அன்னிக்குள்ள நடந்தா, வடக்குத்துல வாடகைக்கு வீடு பாக்கறேன், இங்கயே இருப்போம். இல்லேன்னா நான் ஊருக்கு, நீ பெங்களூருக்கு. சரியா?" மேடம், "சரிப்பா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பெரியவர் சாவி கொடுப்பதற்கு முந்தைய கடைசி முதல் சனிக்கிழமை வந்தது. அன்று மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு பாய் வந்திருந்தார். வெளிநாட்டில் பல வருடம் ஜவுளிக்கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். கையில் பணம் இருக்கிறது, நல்ல தொழிலில் போடுவார் என்று யாரோ சொல்லி மேடம் நேரில் போய் அழைத்திருந்தார். பாய்க்கு முழங்கால் வலி. கால் மாற்றி மாற்றி நின்றார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "வயசானவரு நிக்கிறாரு, வேன்ல இருந்து ஒரு சேர் எடுத்தாப்பா" என்றார். மறுநாள் விசேஷத்துக்காக ஏற்றியிருந்ததில் ஒரு சிவப்பு நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

பாய் உட்கார்ந்ததுதான் தாமதம். அதுவரை கலந்து நின்று பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, அவர் எதிரில் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து, கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கிற நாளைப்போல. பாய்க்கே சங்கடமாகிவிட்டது. "யப்பா, நான் ஆபீசர் இல்லப்பா" என்றார். வரிசை நகரவில்லை.

மேடம் என்னிடம் வந்தார். "இன்னொரு சேர் இருக்காண்ணே? அதே மாதிரி, அதே ஒசரத்துல?" கொடுத்தேன். அதை பாய்க்கு நேர் எதிரே, முட்டிக்கு முட்டி இடிக்கிற தூரத்தில் போட்டார். பிறகு வரிசையைப் பார்த்து, "இதுல உக்கார்றவங்க உங்க தொழிலப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி, பாய்க்கு என்ன இல்லன்னு கேக்கணும்" என்றார். வரிசை கலைந்தது. திருவதிகைப் பெண்தான் வந்து உட்கார்ந்தது. "உங்களுக்கு என்னாங்க பாய் இல்ல?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "புள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. அல்லா புண்ணியத்துல கொற ஒண்ணும் இல்லம்மா. காலையில தொழுதுட்டு வந்தா, கதவத் தொறக்க ஒரு கட இல்ல எனக்கு. அம்பது வருசம் தொறந்த கை" என்று கையை விரித்துக் காட்டினார். "சரி, ஒனக்கு என்ன இல்ல?"

"ப்ரோக்ராம் எழுதுன அண்ணன் ஐதராபாத்துக்கு வேலைக்குப் போய்ட்டாருங்க. பாதியில நிக்கிது. பலாப்பழ சீசன் வருதுங்க."

மேடம் யாருடைய முழங்கையையோ தேடினார். நம் வடக்குத்துத் தம்பி ஒருவர் டீ கிளாஸோடு பக்கத்தில் நின்றிருந்தார். சுரங்க ஆபீஸ் ஒன்றில் கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். "அது என்னால முடியுங்க" என்றார் மெதுவாக. "ஆனா எனக்கு நேரம் இல்ல. கான்ட்ராக்ட்ட விட்டாத்தான் முடியும்."

மூன்று பேரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் கேட் ஓரத்திலிருந்து பெரியவர் வேகமாக வந்து அந்தத் தம்பியின் தோளில் கை வைத்தார். "தம்பி, கான்ட்ராக்ட்ட மட்டும் விட்றாத. எத்தன வருசம் பாத்துட்ட, பர்மனென்ட் வந்துரும். அவசரப்படாத. எம்பேச்சக் கேளு."

அவர் கெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொந்த மகனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லி முடித்த பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். கை தோளிலேயே இருந்தது. அந்தத் தம்பி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றங்க" என்றார். பாயும் திருவதிகைப் பெண்ணும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்தது. நான் ஷாமியானாவை அவிழ்க்கும்வரை மேடம் அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா வந்து, "நம்பர் வாங்கிக்கிட்டாங்கல்ல, அதுவே பெருசு" என்றார். "போர்டு மாட்டலியேப்பா" என்றார் மேடம். அந்த இரண்டு சிவப்பு நாற்காலிகளையும் அன்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டவன்தான், பிறகு இறக்கவே இல்லை.

சாவி கொடுக்கும் நாள் வந்தது. லாரியில் பீரோ ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். பெரியவர் காலி வீட்டின் ஒவ்வொரு அறையிலும் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தார். மேடம் கேட்டருகே நின்று, "வரேண்ணே" என்றார். விருதுநகர் போய் அப்பாவை இறக்கிவிட்டு அப்படியே பெங்களூர் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் வடக்குத்தில் ஒரு மாடி வீட்டுக்கு ஷாமியானா கட்டக் கூப்பிட்டார்கள். போனால் அந்தக் கம்ப்யூட்டர் தம்பி நிற்கிறார். கான்ட்ராக்டை விட்டுவிட்டாராம். "பெரியவரு சொன்னதக் கேட்டு ரொம்ப நாள் யோசிச்சங்க. யோசிச்சுகினே இருந்தா அடுத்த சீசனும் போயிடும்னு தோணுச்சு" என்றார். திருவதிகைப் பெண் பலாப்பழக் கம்பெனி போர்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தது பாய். தினமும் காலையில் முதலில் வந்து திறப்பது அவர்தானாம்.

நான் போர்டைப் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "நாலு பேர் இருக்காங்களாண்ணே?" உள்ளே எட்டிப் பார்த்து, இருக்கிறார்கள் என்று அனுப்பினேன். பிறகு வந்தது: "அப்பாவுக்கு அனுப்பிட்டேன். பர்மனென்ட்டான்னு கேக்குறாரு."

நீங்கள் படித்தவர்கள், அதற்கு என்ன பதில் போடலாம் என்று சொல்லுங்கள். மேடம் நடத்தியது மொத்தமே சில மாதங்கள்தான். கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு அவர் பெயர்கூட இப்போது நினைவிருக்காது. அதில் தப்பொன்றும் இல்லை. பந்தல் போட்டவனையும் யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

அடுத்த முதல் சனிக்கிழமை எனக்கு எந்த விசேஷமும் இல்லை. உங்கள் அம்மாவிடம் பண்ருட்டி வரை போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வேனை அந்த மாடி வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கொண்டுபோய் நிறுத்தினேன். யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. கம்பு நட்டு ஷாமியானா கட்டினேன். டீ மேசையை நட்டநடுவில் போட்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்பு நாற்காலிகளை எடுத்து, முட்டிக்கு முட்டி இடிக்கிற தூரத்தில் எதிரெதிராக வைத்தேன். மற்ற நாற்காலிகளை இறக்காமல் வேனைப் பூட்டிவிட்டு, நிழலில் நின்றுகொண்டேன்.