படகு மறைக்கிற ஜன்னல்

தனக்கொடி கடலைப் பார்க்க மாட்டாள். புதுச்சேரி வம்பாக்கீரப்பாளையத்தில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, ஐம்பத்து நாலு வயது வரைக்கும் மீன் விற்றுக் குடும்பம் நடத்தியவளைப் பற்றி இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டாலும் அதுதான் நிஜம். பெங்களூரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கி, பீச் ரோட்டில் நின்று கடலைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். இவளோ தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு, உள் தெரு வழியாகவே பெரிய மார்க்கெட்டுக்குப் போவாள், உள் தெரு வழியாகவே திரும்புவாள். ஏன் என்று கேட்டால், "வெயில் கம்மி" என்பாள். காலை ஆறு மணிக்கு ஏது வெயில்? அதை அவளிடம் திருப்பிக் கேட்கிற தைரியம் மார்க்கெட்டில் ஒருத்தருக்கும் கிடையாது.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் இப்படி இல்லை. ஒரு நாள் அவள் புருஷன் வடிவேல் இன்னும் மூன்று பேரோடு ஃபைபர் படகில் போனார். நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டது. மற்றப் படகெல்லாம் காலை ஒன்பது மணிக்குள் கரை ஏறிவிட்டன. பச்சை முகப்பில் மஞ்சள் கோடு போட்ட அந்த ஒரு படகை மட்டும் காணவில்லை. மூன்று நாளும் தனக்கொடி கரையில் நின்றாள். கடல் என்னவோ அந்த மூன்று நாளும் கண்ணாடி கழுவி வைத்த மாதிரி அவ்வளவு சுத்தமாகத்தான் இருந்தது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை. ஊர்க்காரர்கள் எல்லாரும் தேடத் தெற்கே போயிருந்ததால் எதிரே வேறு படகும் இல்லை. அந்த வெறுங்கடல்தான் அவள் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நாலாம் நாள் காலையில் காரைக்கால் விசைப்படகு ஒன்று அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. அதன் பிறகு வடிவேல் டீக்கடையில் வருஷக்கணக்காக அந்தக் கதையைச் சொன்னார். இருந்த தண்ணியைப் பாட்டில் மூடியில் ஊற்றிப் பங்கு வைத்தது, பச்சை மீனை மென்றது, எல்லாம் சொல்வார். கரையில் நின்றவள் என்ன பார்த்தாள் என்று அவரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. என்ன சொல்வது, ஒன்றுமே இல்லாததைத்தானே மூன்று நாளும் பார்த்தாள்?

இரண்டு வருஷத்துக்கு முன் வடிவேலுக்கு நெஞ்சு வலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இனிமேல் கடல் தொழில் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் படகை விற்றார்கள். வாய் ஓயாத மனுஷன் அன்றோடு வாயை மூடிக்கொண்டார். காலையில் போய் மணலில் உட்கார்ந்தால் பகல் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து வருவார். சோறு போட்டால் தின்பார், கேட்டால் தலையாட்டுவார். தனக்கொடிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு அந்தப் பழைய வாயாடி திரும்ப வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

சென்னையில் லேபில் வேலை பார்க்கிற மகள் சுவேதாதான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து பெரிய சொகுசுக் கப்பல் ஒன்று கிளம்புகிறது. மூன்று நாள் கடலிலேயே சுற்றிவிட்டுத் திரும்பும். தொழிலா பண்ணப்போகிறார், சும்மா போய் உட்காரத்தானே, அதனால் டாக்டரும் சரி என்றுவிட்டார். வடிவேல் முகத்தில் ரெண்டு வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"அவ வந்தா போறேன்" என்றார்.

"நானா?" என்று பாய்ந்தாள் தனக்கொடி. "பொம்பள படகுல கால வைக்கக்கூடாதுன்னு நீதான சொன்ன? முப்பது வருஷமா உன் படகத் தொட உட்டிருக்கியா?"

"அது படகு, இது கப்பலு. நான் போன எடத்த நீ ஒருவாட்டி பாக்கணும்."

நல்லா இருக்கிறது கதை! எதைப் பார்க்கக் கூடாது என்று பதிமூன்று வருஷமாகத் தெரு மாற்றி நடக்கிறாளோ, அதன் நடுவிலே கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறார்கள். ஆனால் அவர் ஒரே மூச்சில் நாலு வார்த்தை பேசியதே பெரிய விஷயம். முடியாது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்கு அம்மாவும் மகளும் போனார்கள். பாலாஜி என்கிற பையன் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு விளக்கினான்.

"ஜன்னலே இல்லாத ரூம் ஒண்ணு இருக்குதும்மா. கடல் முழுசா தெரியற ரூம் இருக்குது. அப்புறம்..." குரலைத் தாழ்த்தினான். "ஜன்னல் இருக்கும், ஆனா ஒண்ணும் தெரியாது. எதிர்ல மறைக்கும். அது வாணாம்மா, யாரும் எடுக்க மாட்டாங்க."

"இன்னா மறைக்குது?"

"படகும்மா. ஆபத்து வந்தா ஏறித் தப்பிக்கிறதுக்குக் கப்பல் பக்கவாட்டுல தொங்க உட்டிருப்பாங்க. அது ஜன்னல அடைச்சிக்கினு நிக்கும்."

படத்தைக் காட்டினான். ஆரஞ்சு நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு படகு ஜன்னல் முழுக்க நின்றது. தனக்கொடி முன்னால் சாய்ந்து பார்த்தாள். வயிற்றில் பதிமூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து இடம் விட்ட மாதிரி இருந்தது.

"இந்தப் படகு எங்கயாச்சும் போவுமா?"

"போவாதும்மா. அங்கயேதான் நிக்கும்."

"மூணு நாளும்?"

"மூணு நாளும்."

"அப்ப இதையே போடு."

"யம்மா!" என்று தலையில் கை வைத்தாள் சுவேதா. "அப்பா கடலப் பாக்கத்தான போறாரு? கொஞ்சம் கூடக் குடுத்தா நல்ல ரூம் கெடைக்கும். இதுலயும் உன் கஞ்சத்தனமா?"

காரப்பொடி மீனுக்குக்கூட அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள் தனக்கொடி என்று ஊருக்கே தெரியும். அதனால் மகள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. தனக்கொடியும் மறுக்கவில்லை. கஞ்சப்பிசினாறி என்று பேர் வாங்குவது, பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்குவதைவிட மேல் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கப்பல் கிளம்பும் வரைக்கும் இருந்த மூன்று மாசமும் அவள் அந்த ஆரஞ்சுப் படகை நம்பித்தான் இருந்தாள். மார்க்கெட்டில் மீன் அறுக்கும்போதும் அதை நினைத்துக்கொள்வாள். வடிவேலோ தினமும் காலண்டரைப் பார்த்தார். கப்பலில் கொறிக்க என்று வேர்க்கடலை வறுக்கச் சொன்னார்.

புறப்படுகிற அன்றைக்குத் துறைமுக வாசலில் சுவேதா காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு தினுசாகச் சிரித்தாள். "உள்ள போய்ப் பாருங்க, ஒரு சர்ப்ரைஸ் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள்.

சர்ப்ரைஸ் என்னவென்று கவுண்ட்டரில் இருந்த பெண் சொன்னாள். "உங்க பொண்ணு ரூம் மாத்தியிருக்காங்க சார். இப்ப உங்களுக்கு முழு ஸீ வியூ. எதுவுமே மறைக்காது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் கடல்தான்."

வடிவேல் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். தனக்கொடிக்கு அந்த ஆரஞ்சுப் படகு போயே போயிற்று. பாவிப் பெண்ணே! நல்லது பண்ணுகிறேன் பேர்வழி என்று இப்படிப் பண்ணிவிட்டாளே!

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்ட்டு வா. நான் சுவேதா வூட்ல இருக்கறேன்."

"இன்னாடி பேசற? ஒடம்புக்கு எதுனா பண்ணுதா?"

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல. நீ போ."

"நீ இல்லாம நான் மட்டும் போய் இன்னா பண்ணப்போறேன்? வா, வூட்டுக்கே போலாம்" என்று பையை எடுத்தார் வடிவேல். அந்த வெளிச்சம் அவர் முகத்திலிருந்து போவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இனிமேல் மணல்தான், தலையாட்டல்தான். அதைத் தாங்க முடியாமல்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"மூணு நாளு நீ கடல்ல கெடந்தயே, நான் எங்க கெடந்தேன்னு என்னிக்காச்சும் கேட்டியா?"

வடிவேல் பையைக் கீழே வைத்தார்.

"கரையில நின்னேன். மூணு நாளும் நின்னேன். எங்க பாத்தாலும் தண்ணி. ஒரு படகு இல்லய்யா, ஒரே ஒரு படகு இல்ல. அதப் பாத்துப் பாத்துத்தான் அன்னிக்கே தாலிய நெனச்சி அழுதேன். அந்தக் கடல ஜன்னல்ல வச்சிக்கினு என்னால இருக்க முடியாது. எதிர்ல ஒரு படகு நின்னா எனக்குப் பயம் இல்ல. படகு கண்ணுல பட்டா, நீ வந்துட்டன்னு அர்த்தம். அதான் அந்த ரூம கேட்டேன். காசுக்காகவா கேட்டேன்?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வருஷக்கணக்காக டீக்கடையில் தான் சொன்ன கதையில் பாதிதான் தனக்குத் தெரிந்திருக்கிறது என்பது வடிவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே கவுண்ட்டருக்குப் போனார்.

"அம்மாடி, படகு மறைக்கிற ரூம் இருக்குதா?"

"சார், அதுல கடல் தெரியாது சார்."

"கடல நான் மேல போய் நின்னு பாத்துக்கறேன். வூட்டுக்காரிக்குப் படகு வேணும். மாத்திக் குடும்மா."

அந்தப் பெண் அவரை ஒரு தரம் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவளை ஒரு தரம் பார்த்தாள். இருந்த ரூமை விட்டுவிட்டு மறைக்கிற ரூமைக் கேட்டு யாரும் அவளிடம் வந்ததில்லை போலிருக்கிறது. ஆனால் மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

ரூமுக்குள் போனதும் தனக்கொடி முதல் காரியமாகத் திரையை இழுத்தாள். நின்றுகொண்டிருந்தது, அதே ஆரஞ்சுப் படகு. ஜன்னலை அடைத்துக்கொண்டு, மேலே ஒரு சாண் வானம் மட்டும் விட்டு, எங்கேயும் போகாமல் நின்றது. அவள் கண்ணாடியில் கை வைத்தாள். வடிவேல் பழக்கம் போகாமல் குனிந்து நிமிர்ந்து அதைப் பரிசோதித்தார். கயிறு சரி என்றார், கொக்கி சரி என்றார், அடி நல்லா இருக்குது, பெயின்ட்தான் சுமார் என்றார். யார் கேட்டார்கள் இவரிடம்? ஆனாலும் தனக்கொடிக்குக் கேட்டுக்கொண்டே இருக்க ஆசையாக இருந்தது.

கப்பல் கிளம்பியதும், "பத்து நிமிஷம் மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று போனார். இருபது நிமிஷம் கழித்து வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கடலுக்குப் போய் இவ்வளவு சீக்கிரம் திரும்பியது இதுதான் முதல் தடவை. வந்தவர் காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி, எங்கே வலை போட்டால் வஞ்சிரம் விழும் என்று ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையில் பேசினார், படுக்கையில் பேசினார், பேசிக்கொண்டே தூங்கிப்போனார். தனக்கொடி உம் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை காபி குடித்ததும் அவளே எழுந்தாள். "வாயா. நீ போன எடத்தக் காட்டு."

"நெசமாவா?"

"காட்டுன்னா காட்டு. நான் மனசு மாறிடப் போறேன்."

மேல் தளத்துக்குப் போனார்கள். நாலு பக்கமும் கரை இல்லை. அதே கடல், அதே சுத்தம், ஒரு புள்ளி இல்லை. தனக்கொடி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருந்தாலும் கண்ணை மூடவில்லை. பழக்க தோஷம், கண் தானாக ஓடி, வடக்கிலும் தெற்கிலும் பச்சை முகப்பில் மஞ்சள் கோட்டைத் தேடியது.

"இன்னா தேடற?"

திரும்பினாள். அவள் மூன்று நாள் கரையில் நின்று தேடின ஆள் பக்கத்திலேயே, சட்டையெல்லாம் வேர்க்கடலைத் தோலாக, வாயை அசை போட்டுக்கொண்டு நின்றார்.

"ஒண்ணியும் இல்ல" என்றாள் தனக்கொடி. "அந்த மல்லாக்கொட்டைய எனக்குங் கொஞ்சம் குடு."