ஏலக்காய் மூட்டைத் தையல்

கம்பத்தில் இஞ்ஞாசிமுத்துவைத் தெரியாத மனிதர்கள் இருந்திருக்கலாம், தெரியாத பொதிமாடு இருந்திருக்காது. குமுளி மலைக்கு அரிசி சுமந்து ஏறி, இறங்கும்போது ஏலக்காயும் மிளகும் சுமந்து வந்த மாடுகளின் முதுகில் கம்பத்தில் ஏற்றிய மூட்டைகளில் பாதிக்கு மேல் அவன் தைத்தவை. மலைமேல் பெரியாற்று அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் கல்லைப் பற்றிச் சொல்கிறார்கள், சுண்ணாம்பைப் பற்றிச் சொல்கிறார்கள், துரைமார் ஏறி வந்த குதிரையைப் பற்றிக்கூடச் சொல்கிறார்கள். அத்தனை பேரும் தின்ற அரிசியை மூட்டை தைத்து அனுப்பியவனைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. அணையைக் கட்டியவர்களிடமே விட்டுவிட்டு நான் இவனைப் பற்றிச் சொல்கிறேன்.

மயிலாடும்பாறைப் பக்கத்தில் ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். தாது வருஷப் பஞ்சம் வீட்டில் மற்ற எல்லாரையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய பையன் அரிசி எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் நடப்போம் என்று நடந்து, கம்பத்து வியாபாரி ஒருவர் சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் வாசலில் வந்து உட்கார்ந்தான். முதலில் சிந்திய அரிசியைப் பொறுக்க விட்டார்கள். பிறகு கிழிந்த சாக்குகளுக்கு ஒட்டுப் போடச் சொன்னார்கள். கை சுத்தமாக இருக்கிறதே என்று கோணி ஊசியையே கொடுத்துவிட்டார்கள். அன்று பிடித்த ஊசியை அவன் கீழே வைக்கவேயில்லை.

மூட்டை தைப்பதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருமுறை தைத்துப் பார்க்கலாம். மலையில் ஏறும்போது மாடு எத்தனை குலுங்கினாலும் தையல் விடக் கூடாது. மேலே போய்ச் சேர்ந்ததும் கத்தி வைத்து அறுக்கவும் கூடாது, சாக்கு திரும்பி வந்தாக வேண்டும். அதனால் ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாக நூலைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வால் விடுவான். வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் தையல் மொத்தமும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். வாலைத் தொடாதவரை யானை ஏறி மிதித்தாலும் பிரியாது. இழுப்புத் தையல் என்று பெயர். கிட்டங்கியில் வேறு சிலரும் தைத்தார்கள், ஆனால் அவர்களுடைய மூட்டைகளில் ஒன்றிரண்டு பாதி மலையிலேயே வாயைத் திறந்துவிடும்.

கல்யாணம் அவனுக்குத் தாமதமாகத்தான் நடந்தது. பேச ஆள் இல்லாதவனுக்கு யார் பெண் பார்ப்பார்கள்? கிட்டங்கியை ஒட்டிய ஒரு சின்ன வீட்டில் தானே பொங்கி, தானே தின்று, தானே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கடைசியில் கோவிலில் செபம் சொல்லிவைக்கும் உபதேசியார் முயற்சி எடுத்து வடுகபட்டியிலிருந்து வியாகுலமேரியைப் பேசி முடித்தார். அவளுக்கும் தாய் இல்லை, வளர்த்தது சின்னம்மா மதலேனாள். மாப்பிள்ளை பார்க்க வந்த மதலேனாள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் ஊசியில் நூல் கோப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கை நடுங்கல. குடிக்கிற ஆளு இல்ல" என்று சொல்லிச் சம்மதம் கொடுத்தாள்.

வியாகுலம் வந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. சாப்பிடும்போது எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தனியாகத் தின்றவனுக்குத்தான் தெரியும். அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை, ஆனால் மத்தியானச் சோற்றுக்குக் கிட்டங்கியிலிருந்து முதல் ஆளாகக் கிளம்பிவிடுவான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். மதலேனாள் நல்ல நாள் பார்த்து, வண்டி பேசி, சுக்கும் கருப்பட்டியும் இடித்து வைத்து, புறப்படக் காத்திருந்தாள். குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா? முந்திக்கொண்டு கம்பத்திலேயே பிறந்துவிட்டது. பெண்பிள்ளை, அருளாயி என்று பெயர். செய்தி கேட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிய மதலேனாள், இஞ்ஞாசிமுத்து வேண்டுமென்றே சதி செய்து பிள்ளையை முன்னாலேயே வரவழைத்துவிட்ட மாதிரி அவனை முறைத்தாள்.

அருளாயி தூங்கவில்லை. பால் குடிப்பாள், கண் சொருகும், கீழே கிடத்துவார்கள். அவ்வளவுதான், தூக்கிவாரிப் போட்டதுபோல இரண்டு கையையும் விரித்து வீரிட்டு அழுவாள். தோளில் போட்டால் அடங்குவாள், இறக்கினால் மறுபடியும் ஆரம்பம். மதலேனாள் பழைய சேலைத் துணியில் எத்தனை இறுக்கிச் சுற்றினாலும் அந்தக் கைகள் எப்படியோ வெளியே வந்துவிடும். துணிக்கு மேல் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டுப் பார்த்தாள், முடிச்சு உறுத்தி அதற்கும் ஓர் அழுகை. வியாகுலம் தூக்கமில்லாமல் கண் உள்ளே போய்க் கிடந்தாள்.

மதலேனாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இந்த மாட்டுச் சந்தைக்குள்ள பச்சப்பிள்ளை எப்படி மாப்ள தூங்கும்? மணிச் சத்தம் ஒரு பக்கம், மூட்டை விழுகுற சத்தம் ஒரு பக்கம். ஞாயித்துக்கிழமை செபம் முடிஞ்சதும் வண்டி பூட்டச் சொல்லிட்டேன். தாயும் பிள்ளையும் வடுகபட்டியில இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சு வந்து கூட்டிக்கிடுங்க."

இஞ்ஞாசிமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆறு மாதம் மறுபடியும் தனிச் சோறு. அதற்குள் பிள்ளை யார் முகத்தையெல்லாமோ பார்த்துச் சிரிக்கப் பழகியிருக்கும், அப்பன் முகம் மட்டும் அதற்குப் புதிதாக இருக்கும். வியாகுலத்தைப் பார்த்தான். அவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"அத்தை, பிள்ளை இங்கனயே தூங்கிருச்சுன்னா?" என்று கேட்டான்.

"தூங்குனா நான் ஏன் கூட்டிட்டுப் போறேன்? தூங்கட்டும், பாப்போம்."

அன்று வேலைக்குப் போகாமல் பிள்ளையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே மாடு மணியை ஆட்டியது, பிள்ளை அசையவில்லை. ஒரு மூட்டை தொம்மென்று விழுந்தது, அதற்கும் அசையவில்லை. பிறகு ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில் கை தானாகத் துள்ளி விரிந்தது, அது முகத்தில் பட்டு, பிள்ளை பயந்து விழித்து அழுதது. பிள்ளையை எழுப்புவது அதன் கையேதான் என்று அவனுக்குப் புரிந்தது. கை வெளியே வராமல் இருந்தால் போதும். கொள்ள வேண்டியதைக் கொள்ளவைத்து வாயை மூடுவதுதானே அவன் பிழைப்பு?

தன்னுடைய பழைய வேட்டி ஒன்றை எடுத்தான். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. அதைப் பை மாதிரி மடித்துப் பிள்ளையை உள்ளே கிடத்தி, சின்ன ஊசியால் முன்பக்கத்தை இழுப்புத் தையல் போடத் தொடங்கினான். ஊசிக்கும் பிள்ளைக்கும் நடுவில் அவன் இடது கை விரல்கள் இருந்தன. மதலேனாள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சேசுவே! உடம்புல கெடக்குற துணியத் தைக்கிறதா? செத்தவுகளுக்குத்தான்யா அப்படித் தைப்பாக!"

"செத்தவுகளுக்குப் போடுற தையல் பிரியாது அத்தை. இங்கன பாருங்க" என்று வாலைப் பிடித்து இழுத்தான். தையல் சரசரவென்று பிரிந்து துணி விரிந்தது. அவள் முறைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மறுபடி தைத்தான். பிள்ளை முன்னைவிடப் பெரிதாக அழுதது. முகம் செக்கச் சிவந்தது. அழுகிற பிள்ளையைத் தூக்கிப் பையின் அடியைத் தடவிப் பார்த்த பிறகுதான் செய்த முட்டாள்தனம் தெரிந்தது. பழக்க தோஷம், அரிசி மூட்டை தைக்கிற மாதிரி அடி முதல் நுனி வரை திம்மென்று இறுக்கித் தைத்துவிட்டான். பிள்ளையின் கால்கள் இரண்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தன.

"பிள்ளையை நெல்லுன்னு நெனச்சீகளா மாப்ள? இன்னும் ரெண்டு குத்துக் குத்தி அமுக்குங்க, இன்னொரு படி கொள்ளும்!" என்றாள் மதலேனாள்.

அவனுக்கு ரோஷம் வந்தது. ஆனால் அந்தக் கேலியிலேயே வழியும் கிடைத்துவிட்டது. மலையிலிருந்து வரும் ஏலக்காயைக் கிட்டங்கியில் மறுபடி மூட்டை கட்டும்போது அவன் அரிசி மாதிரி தைக்கமாட்டான். மேலே வாயை இறுக்கி, அடியில் காய் புரள இடம் விட்டுத் தைப்பான், இல்லாவிட்டால் நசுங்கிப் போகும். பையைப் பிரித்தான். அடிப்பக்கம் அகலமாக வருகிற மாதிரி மடித்து, தோளிலிருந்து இடுப்பு வரை மட்டும் அணைத்தாற்போலத் தைத்து, அதற்குக் கீழே தளர விட்டான். அருளாயி காலைத் தவளை மாதிரி மடக்கிக்கொண்டாள். ஒரு தடவை முனகினாள். கை துள்ளப் பார்த்து, துள்ள முடியாமல் நின்றது. ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கினாள்.

வியாகுலமும் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாட்டு மணி அடித்தது, மூட்டைகள் விழுந்தன, தாயும் மகளும் அசையவில்லை. இஞ்ஞாசிமுத்து சிரித்த சிரிப்பைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். கிட்டங்கிக்குப் போனவன் அன்று ராகம் போட்டுப் பாடிக்கொண்டே மூட்டை தைத்தான், அவனுக்குப் பாட வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து திரும்பினால் வாசலில் வண்டி நிற்கிறது. மதலேனாள் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, தூங்குனா கூட்டிட்டுப் போகலைன்னு சொன்னீகளே!"

"சொன்னேன். அப்ப இந்தப் பை இல்லையே மாப்ள? அழுகுற பிள்ளையை அம்புட்டுத் தூரம் வண்டியில எப்படிக் கொண்டுபோறதுன்னு நானே மலைச்சுப் போய்த்தான் இருந்தேன். இப்ப ஒரு கவலை இல்ல. பைக்குள்ள போட்டா அலுங்காமத் தூங்கிட்டு வந்துரும்."

அவன் அப்படியே நின்றான். தன் கையாலேயே தைத்துத் தன் வீட்டைக் காலி செய்துகொண்டானே! அவன் கண் கலங்கியதைப் பார்த்து மதலேனாளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே என்று வண்டியில் வைக்கோலைப் பரப்பினாள்.

அப்போதுதான் வியாகுலம் வாயைத் திறந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"சின்னம்மா, பிள்ளை நனைச்சா பையப் பிரிக்கணும். பிரிச்சா திரும்பத் தைக்கணும். அங்கன யாரு தைப்பா?"

"ஏன், நான் தைக்கமாட்டனா?"

மதலேனாள் ஊசியை வாங்கினாள். அவள் போட்ட தையலை இழுத்தால் நூல் நடுவில் சிக்கி முடிச்சு விழுந்தது, பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டு கத்தியது. இரண்டாவது தடவை போட்டது, பிள்ளை கால் உதைத்ததுமே தானாகப் பிரிந்துவிட்டது. கை வெளியே வந்தது, வீரிட்டு அழுகை. மூன்றாவது தடவை நூலே அறுந்தது.

"நீ தையேன்டி. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருக்க?"

"எனக்கு வராது சின்னம்மா. எம்புட்டோ பாத்துட்டேன். இவுக கை போறது கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது."

மதலேனாள் மகளையும் பார்த்தாள், மாப்பிள்ளையையும் பார்த்தாள். "அப்ப நீங்களும் வண்டியில ஏறுங்க மாப்ள" என்று கேட்டும் பார்த்தாள். கிட்டங்கியில் ஏலக்காய் வந்து குவிந்திருக்கிற நேரம், ஒரு நாள்கூட நகர முடியாது. கடைசியில், வளர்த்த பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளக் கொடுப்பினை இல்லை என்று மூக்கைச் சிந்தி, சுக்கையும் கருப்பட்டியையும் இறக்கி வைத்துவிட்டு, வியாகுலம் எந்தெந்த வேளைக்கு என்னென்ன சாப்பிட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வண்டியேறினாள். நல்ல மனுஷி. வண்டி தெருமுனை திரும்புகிறவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதன் பிறகு இஞ்ஞாசிமுத்துவுக்கு ஓட்டமும் நடையும்தான். பழைய வேட்டிகள் எல்லாம் பைகளாகிவிட்டன. கிட்டங்கியில் சில மூட்டை தைப்பான், வீட்டுக்கு ஓடிப் பிள்ளையைத் தைப்பான், திரும்ப ஓடி வருவான். பொதிமாட்டுக்கார ராக்கப்பன், "எலே, உன் வீட்டு மூட்டை நனைஞ்சிருச்சாம், ஓடு ஓடு" என்று கேலி பேசுவான். இவனுக்கு அந்தக் கேலியே இனித்தது.

ஒரு நாள் மலையிலிருந்து மாடுகள் மொத்தமாக இறங்கிவிட்டன. மழை வரும்போல இருந்ததால் ஏலக்காய் அத்தனையையும் தைத்து உள்ளே தள்ளியாக வேண்டும். நகரவே முடியவில்லை. பிள்ளை நனைத்து, கை வெளியே வந்து, கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருக்குமே என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசி மூட்டையின் வாலை விட்டதும் எடுத்தான் ஓட்டம்.

வீட்டில் சத்தமே இல்லை. வியாகுலம் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அருளாயி காய்ந்த பை ஒன்றுக்குள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தான். தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே அளவில் வளையம் வளையமாகத் தையல் இறங்கியிருந்தது, கடைசியில் வால். அவன் போடும் தையலைவிட நெருக்கம், அவன் போடும் தையலைவிட அழகு. இது இன்று பழகிய கை இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா?

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போகமாட்டேன் என்று சொல்ல வாய் வராதவள், எனக்குத் தைக்க வராது என்று சொல்லியிருக்கிறாள். அதுவும் வளர்த்த சின்னம்மாவின் முகத்துக்கு நேரே. பிறந்ததிலிருந்து ஒருவரும் நீ வேண்டும் என்று அவனை இப்படிக் கேட்டு வாங்கியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் எழுந்து வெளியே போய், அப்போதுதான் வருகிறவன் மாதிரி செருமிக்கொண்டு உள்ளே வந்தான்.

வியாகுலம் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரே எட்டில் பிள்ளையிடம் போய், தையலைத் தன் முந்தானையால் மறைத்தபடி தூக்கிக்கொண்டாள். முந்தானைக்குள் சரசரவென்று நூல் பிரிகிற சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்டது.

"எம்புட்டு நேரம்! பிள்ளை அவுந்துபோய்க் கெடக்கு. சீக்கிரம் தைங்க, எனக்குத்தான் வராதே" என்று பிள்ளையை நீட்டினாள்.

"உனக்கு எங்கன வரும்? கொண்டா" என்று அவன் ஊசியை எடுத்தான்.