ஒரு வாரத்துக்குள் குடிக்க வேண்டியது

போன மாதம் ஒரு மத்தியானம், வடக்குத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே, பச்சைப் பூ போட்டுக் காய்ச்சிய பீரை நானும் என் மகனும் குடித்தோம். அதைப் புதுசாகக் குடிப்பது அறுபது வயதில் எனக்கு அதுதான் முதல் தடவை. அது எப்படி இருந்தது என்று சொல்வதற்கு முன்னால், அதற்கு ஒரு வருஷம் முன்பு நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு இந்த பீரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டியவன். மண்ணை வாரி வாரி பெல்ட்டில் கொட்டும் இயந்திரம் அது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஷிஃப்டில் எல்லோருக்கும் தெரியும். மகன் ஒரே பிள்ளை, மெக்கானிக்கல் படித்தவன். இங்கேயே அப்ரண்டிஸும் முடித்தான். அவன் பெர்மனென்ட் ஆகிவிட்டால் போதும், நான் கண்ணை மூடலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவனோ பெங்களூருக்குப் போய், சின்ன அளவில் பீர் காய்ச்சும் ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, அதற்கப்புறம் அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னான். அவள் போனை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாராவது கேட்டால், ஃபுட் கம்பெனியில் இருக்கிறான் என்பேன். என்ன ஃபுட் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. அவனும் அழுத்தக்காரன்தான், என் பிள்ளை ஆயிற்றே. நடுவில் கிடந்து அவன் அம்மாதான் அல்லாடினாள்.

அப்புறம் ஒரு செப்டம்பரில் அவனுடைய நண்பன் ஒருவன் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். மேல்பட்டாம்பாக்கத்துப் பையன், அதே இடத்தில் வேலை பார்ப்பவன், லீவில் ஊருக்குப் போகிற வழியில் வந்திருந்தான். கையில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் ஐஸுக்கு நடுவில் ஒரு பெரிய பாட்டில். கம்பெனி லேபிள் எதுவும் இல்லை. ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் பேனாவால் 'அப்பாவுக்கு' என்று எழுதியிருந்தது. என் மகன் கையெழுத்து.

நண்பன் விவரம் சொன்னான். ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பூ, அதைப் போட்டால்தான் பீருக்குக் கசப்பும் வாசனையும் வரும். வழக்கமாகக் காய்ந்த பூவைத்தான் போடுவார்கள். வருஷத்தில் ஒரு சில நாள்தான் இமாச்சலத்துப் பக்கமிருந்து பச்சைப் பூ கிடைக்கும். பறித்த பூ வாடுவதற்குள் விமானத்தில் வந்து மறுநாளே கொப்பரைக்குள் போய்விட வேண்டும். அந்த வருஷம் ஒரு சின்ன கொப்பரையை என் மகனை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு, பக்குவம் எல்லாம் அவனே. முதல்முதலாக அவனே தனியாகப் போட்ட பீர் அது.

"ஃப்ரிட்ஜ்ல வச்சிகினு ஒரு வாரத்துக்குள்ள குடிச்சிடணுமாங்க," என்றாள் என் மனைவி. அவளுக்குக் குறிஞ்சிப்பாடி, பேச்சு இன்னும் அந்த ஊர்ப் பேச்சுதான். "எப்படி இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணுமாம். அது போதுமாம் அவனுக்கு."

அந்த பாட்டிலைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. இது சத்தியம். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துண்டால் மூக்கைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

இங்கேதான் நான் கெடுத்தேன். எங்கள் ஷிஃப்டில் ஒரு பழக்கம் உண்டு. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவருகிற பாட்டில், மிலிட்டரிக்காரச் சித்தப்பா கொடுத்த பாட்டில், இப்படி நல்ல சரக்கு எது வந்தாலும் உடனே உடைக்க மாட்டோம். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவோம். கடைசி ஷிஃப்ட் முடிந்து, மாலை போட்டு, கூட வேலை பார்த்தவர்களெல்லாம் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்து விடுகிற நாளில்தான் அது வெளியே வரும். பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தவர்களும் உண்டு. வைக்க வைக்கத்தான் சரக்கு ஏறும் என்பது எங்கள் ஞானம். யாருடைய பீரோவிலிருந்து என்ன வந்தது என்று மாதக்கணக்கில் பேசுவோம். பீரோவுக்குள் போவதென்றால் அதற்கு மேல் மரியாதை கிடையாது.

என் ரிட்டயர்மென்டுக்கு ஐந்து மாதம் இருந்தது. என் பீரோவில் அதுவரைக்கும் ஒன்றும் சேரவில்லை. என் மகன் கையால் போட்டதை அன்றைக்கு ஷிஃப்டே பார்க்கத் திறக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். ஃபுட் கம்பெனி என்று சொன்ன அதே வாயால், இது என் பையன் காய்ச்சியது என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. ஒரு வேட்டியில் சுற்றி, அந்துருண்டை வாசனைக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன்.

"ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொன்னா பீரோவுல வைக்கிறீங்களே," என்றாள் அவள்.

"ஒரு வாரத்துல கெட்டுப்போறதுக்கு இதென்ன பாலா? ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

அவன் தினமும் அம்மாவுக்கு போன் பண்ணினான். அப்பா குடிச்சாராம்மா என்று கேட்பான். அவள் இல்லை என்பாள். எனக்கு அது காதில் விழும், பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். ஏழாம் நாள் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பீரோல வச்சிப் பூட்டிட்டாருடா," என்று சொல்லிவிட்டாள். பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அந்தப் போனை ஒரு நிமிஷம் வாங்கி, டேய், என் நாளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? அவனைத் திகைக்க வைக்கப் போகிறேனாம். அவனோ, பெற்றவன் வெட்கப்பட்டு ஒளித்து வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

ரிட்டயர்மென்ட் அன்றைக்கு அவன் வந்தான். அம்மா அழுது கூப்பிட்டதால் வந்தான். வாசலில் வெடி போட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள். ஹால் முழுக்க என் ஷிஃப்ட் ஆட்கள். அவன் ஒரு மூலையில் நின்று எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் பீரோவைத் திறந்து வேட்டியோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. கிட்டே வந்து, மெதுவாக, "அப்பா, அதத் திறக்காதீங்கப்பா," என்றான்.

பிள்ளை கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன். தோளில் தட்டிவிட்டு, "என் பையன் அவன் கையால போட்டது," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லி மூடியை நெம்பினேன்.

நுரை பொங்கி என் வெள்ளைச் சட்டையிலும் மாலையிலும் கொட்டியது. மிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சம் டம்ளரில் ஊற்றினேன். ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தது. வாயில் வைத்தால் புளிப்புமில்லை, கசப்புமில்லை, வெறும் சப்பென்று ஒரு கெட்ட ருசி. ஒருவர் வெளியே போய்த் துப்பினார். என்னோடு பல வருஷம் பெல்ட்டில் கிடந்த ஆள் ஒருவர், "இதுக்கு நம்ம கவர்மென்ட் கடை சரக்கே தேவலாம்பா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான்.

"அது பச்சைப் பூப்பா. ஒரு வாரந்தான் தாங்கும்," என்றான் மகன்.

நான் அப்போதாவது என் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். இருபது பேர் முன்னால் நனைந்த சட்டையோடு நிற்கிற அவமானம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "சாராயம் காய்ச்சறதுக்கு எதுக்குடா மெக்கானிக்கல் படிச்ச? அதையும் ஒழுங்காக் காய்ச்சத் தெரியல," என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் டம்ளர்களையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போய் சிங்க்கில் கொட்டிக் கழுவி வைத்தான். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டான். நான் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை.

ஜூன் மாதம், குவார்ட்டர்ஸைக் காலி செய்து நாங்கள் வடக்குத்தில் கட்டிய வீட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அன்று, பையோடு வந்து இறங்கினான். "அங்க முடிச்சிக்கிட்டேன்பா. இங்க கன்வேயர் மெயின்டெனன்ஸ்ல கான்ட்ராக்ட்ல எடுக்கறாங்களாம், சொல்லி விடுங்க," என்றான். நான் சொல்லிவிட்டேன். சேர்ந்தான். மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். அவன் ஷிஃப்டுக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான், தூங்கினான். வாயைத் திறந்து எதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அவன் அம்மா மட்டும், "புள்ள சிரிச்சிப் பாத்து எத்தினி நாளாச்சி," என்று முணுமுணுப்பாள்.

அப்புறம்தான் போன மாதம். அந்த மேல்பட்டாம்பாக்கத்து நண்பன் மறுபடி ஐஸ் பெட்டியோடு வந்தான். இந்த வருஷத்துப் பச்சைப் பூ பீர், பாட்டிலில் அடைத்து நாலு நாள்தான் ஆகிறது என்றான். மகன் முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தான். சட்டையெல்லாம் பழுப்புத் தூசி. பெட்டியைப் பார்த்தான். குளித்துவிட்டு வரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, கை மட்டும் கழுவிக்கொண்டு இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தான்.

"அப்பா, இன்னிக்கே குடிச்சிடலாம்பா," என்றான்.

டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினான். லேசாகக் கலங்கிய தேன் நிறம். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதுமே நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி ஒரு வாசனை. அதற்குப் பின்னால் புதிதாக வெட்டின புல், மாங்காய்க் காம்பை ஒடித்தால் வருமே அந்தப் பால். இரும்பும் கிரீஸும் மோந்தே பழகின மூக்கு என்னுடையது, அதற்கே அத்தனையும் தெரிந்தது. வாயில் முதலில் ஜில்லென்று கொஞ்சம் இனிப்பு. விழுங்கின பிறகுதான் அடி நாக்கில் கசப்பு வந்து நின்றது. கெட்ட கசப்பு இல்லை, இன்னொரு வாய் கேட்கிற கசப்பு. நான் பாதி டம்ளர் குடித்துவிட்டேன்.

அவன் மோந்து பார்த்தான், கொஞ்சமாக வாயில் வைத்து உருட்டினான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன். பூ இன்னும் ஒரு நாள் முன்னால் பறித்திருக்கலாம் என்று நண்பனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"திரும்பிப் போயேன்டா. நான் வேணா பேசட்டுமா?" என்றேன்.

"அந்த எடத்துல ஆள் போட்டுட்டாங்கப்பா. இது அந்தப் புது ஆள் போட்டதுதான்."

நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மகனே கேட்டான், "எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குடா. ரொம்ப நல்லா இருக்கு."

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். கோபமே இல்லாமல், ஒரு தகவல் சொல்வது போலத்தான் சொன்னான்.

"நான் போட்டது இதவிட நல்லா இருந்துச்சுப்பா."