என் வீட்டுக்காரர் காதில் விழாத ஃபஸ் பெடல்

இன்று பாண்டிச்சேரியில் ஒரு மியூசிக் கடையில், கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஃபோனைப் பார்த்துச் சண்டை போட்டேன்.

சுற்றி இருந்தவர்கள் டிரம்ஸ் வாங்க வந்த மாதிரி நடித்தார்கள். (ஒருத்தர்கூட வாங்கவில்லை.)

விஷயம் இதுதான். எனக்கு ஒரு ஃபஸ் பெடல் வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: அது காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி. மிதித்தால் எலக்ட்ரிக் கிடாரின் சத்தம் கரகரப்பாகி, ஒரே நோட் நீளமாக நிற்கும். அதிலும் எனக்கு வேண்டியது ஸ்மூத்தான ஃபஸ். கரகரப்பு இருக்க வேண்டும், காதைக் குத்தக் கூடாது. கல்லுப்பும் உப்புதான், தூள் உப்பும் உப்புதான். எனக்கு வேண்டியது தூள்.

(மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்ப்பவளுக்கு வேறு என்ன உதாரணம் வரும்?)

பழைய பெடல் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது. உப்புக் காற்று உள்ளே புகுந்து, பேட்டரி மாட்டும் இடமெல்லாம் பச்சை பூத்துவிட்டது. கடலோரத்தில் எலக்ட்ரானிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

அவர் இப்போது மஸ்கட்டில். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பிளான்ட்டில் எலக்ட்ரீஷியன். நாங்கள் இங்கே உப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரை வெயிலுக்கு விட்டுவிடுகிறோம். அவர் அங்கே தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறார். கடல் ஒன்றுதான், நடுவில் விசா இருக்கிறது.

அவர் ஊரில் இருந்தபோது சர்ச் கொயரில் நான் கிடார். அவருக்குப் பாட்டும் வராது, வாத்தியமும் வராது. ஆனால் நல்ல காது. வாசிக்கும்போது என் இரண்டு கையும் கிடாரில் இருக்கும் இல்லையா, அப்போது பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து பெடலின் குமிழைத் திருப்புவது அவர்தான். என் முகத்தைப் பார்த்தே கூட்டுவார், குறைப்பார்.

இன்று கடைக்காரர் அதே மாதிரி முட்டி போட்டுக் குமிழைத் திருப்பினார். பாவம், உதவிதான் செய்தார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உடனே வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டு, ஃபோனை ஆம்ப் ஸ்பீக்கர் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். பெடல் வாங்குவது என்றால் அவர் கேட்டுச் சொல்ல வேண்டும். எப்போதும் அப்படித்தான்.

முதல் பெடல், தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை மிதித்தேன்.

ஒரே ஒரு நோட். அது பாட்டுக்கு நின்றது. எங்கேயும் குத்தவில்லை, எங்கேயும் உடையவில்லை. இத்தனை நாள் தேடியது இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஜெனி, வாசி” என்றார் ஃபோனில்.

“வாசிச்சிட்டுதாங்க இருக்கேன்.”

“டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஏன் நிறுத்துற?”

“நான் எங்க நிறுத்தினேன்?”

மறுபடி வாசித்தேன். மறுபடி அதே பதில். சோதித்துப் பார்க்கலாம் என்று தகர பெடலை மிதித்தேன்.

“ஆங், இது சூப்பரா கேக்குது. இதையே வாங்கிடு.”

அதைப் போய் சூப்பர் என்கிறார்! இந்தக் காதை நம்பியா நான் இத்தனை நாள் வாசித்தேன்? சண்டை ஆரம்பித்தது இங்கேதான்.

கடைக்காரர் குறுக்கே வந்தார்.

“மேடம், சார் மேல தப்பு இல்ல. ஒரே மாதிரி நீளமா ஒரு சத்தம் வந்தா, ஃபேன் சத்தம்னு நெனச்சு ஃபோனே அழிச்சிடும். பெடல் எவ்ளோ ஸ்மூத்தா இருக்குதோ, அவ்ளோ சீக்கிரம் அழிச்சிடும்.”

“அப்போ இன்ஜின் சத்தம்? காத்து சத்தம்?”

“அதெல்லாம் அந்தப் பக்கம் போகவே போகாதுங்க.”

கிடாரிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

தினமும் வேலை முடிந்து வரும்போது உப்பளத்து ஓரமாக வண்டியை நிறுத்தி அவருக்கு கால் செய்வேன். பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். கடல் காற்று அடிக்கும். அங்கே தனியாகக் கிடக்கிற மனுஷன், ஊர்ச் சத்தத்தைக் கேட்கட்டும் என்று ஃபோனை நீட்டிப் பிடிப்பேன். கேக்குதா என்பேன். கேக்குது, கேக்குது என்பார்.

ஃபோனைக் கையில் எடுத்தேன்.

“என்னங்க, இன்ஜின் சத்தம் கேக்குதுன்னு டெய்லி சொல்வீங்களே?”

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. (இந்த முறை ஃபோன் எதையும் அழிக்கவில்லை.)

“நீ கையை நீட்டிக்கிட்டே நிப்பியே ஜெனி. கேக்கலன்னு எப்படி சொல்றது?”

இதற்கு மேல் என்ன சண்டை போடுவது? கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். கடைக்காரர் அவசரமாக ஒரு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார், ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த ஒயரை.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது பெடலைத்தான் வாங்கினேன். அவருக்குக் கேட்காத பெடலை.

“கடைக்காரர கேளு ஜெனி, தனியா ரெக்கார்ட் பண்ணி அனுப்பினா கேக்குமான்னு.”

கடைக்காரர் கேட்கும் என்று தலையை ஆட்டினார்.

“கேக்குமாம். ஆனா அனுப்ப மாட்டேன்.”

“ஏம்மா?”

“லீவு போட்டுட்டு நேர்ல வாங்க.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பெடல் இப்போது வீட்டில் அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது, ஈரக் காற்று படாமல். குமிழ் கடைக்காரர் விட்ட இடத்திலேயே நிற்கிறது. நான் தொடவில்லை.

‘ரெக்கார்ட் பண்ணி அனுப்பினால் நன்றாகக் கேட்குமே சிஸ்டர், எதற்கு இந்தப் பிடிவாதம்?’ என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு:

ஆமாம், நன்றாகவே கேட்கும்.

அதனால்தான் அனுப்பவில்லை.