எல்லையில் வரும் பெயர்களை விட்டுவிடவும்

கார்க் நகரத்துக்கு வந்து ஐந்து வருடமாகியும் இங்குள்ளவர்களின் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் தேநீர்க் கடையில் "நோ ஷுகர்?" என்று கேட்பார்கள். "சர்க்கரை வேண்டாம்தானே" என்று என் காதில் விழும். "யெஸ்" என்பேன். இரண்டு கரண்டி போட்டு நீட்டுவார்கள். நம்மூரில் "சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமாம், சாப்பிடலை" என்று கேட்டவரோடு ஒத்துப்போவோம். இங்கே "யெஸ்" என்றால் கேட்டவரோடு ஒத்துப்போவதில்லை, சர்க்கரையைக் கேட்பது. முதல் வருடம் முழுக்கத் தித்திக்கும் தேநீரைச் சொல்லாமல் குடித்தேன்.

இப்படிப்பட்ட எனக்கு அயர்லாந்தில் கிடைத்த வேலை, கேள்வி எழுதுவது. என் கணவர் இங்கே மருத்துவமனையில் செவிலியர். அவரோடு வந்தவள் நான். செங்கல்பட்டில் சட்டம் படித்து, நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு வழக்கறிஞரிடம் நாலு வருடம் நிலப் பத்திரம் படித்துக் கொடுத்தேன். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இங்கே ஒரு நிறுவனம் என்னை எடுத்தது. நிலம் வாங்க நினைக்கும் பெரிய முதலாளிகள் ஆயிரக்கணக்கான பத்திரங்களை அனுப்புவார்கள். மனிதர் உட்கார்ந்து படித்தால் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் செயற்கை நுண்ணறிவு படிக்கும். ஆனால் எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். விற்றவர் யார், சர்வே எண் என்ன, வில்லங்கம் உண்டா என்று நாங்கள் கேள்விகளை எழுதி வைப்போம். அது ஒவ்வொரு பத்திரத்திலிருந்தும் பதிலை எடுத்துக் கட்டங்களில் நிரப்பும்.

கேட்க எளிதாக இருக்கும். "விற்றவர் யார்?" என்று கேட்டால், விற்றவரின் தகப்பனார் பெயரையும் சேர்த்து எடுத்துவரும். முகவர் கையெழுத்துப் போட்டிருந்தால் முகவரையே சொந்தக்காரர் ஆக்கிவிடும். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று குறிப்பு எழுதுவோம். ஒரு நாற்பது பத்திரத்தில் சோதித்து, பிழையைத் திருத்தி, மறுபடி சோதித்து, சரியாக வந்ததும் மொத்தக் கட்டுக்கும் ஓட்டிவிடுவோம். அந்த நாற்பதுக்கு மேல் நாங்கள் எதையும் திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி.

செங்கல்பட்டில் பத்திரத்தைப் படித்து முடித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கப் போவேன். இந்தக் கிணறு யாருடையது, இந்தப் பாதையில் யார் நடக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்பேன். சில வீடுகளில் மோர் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். எப்படியோ, நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

போன வருடம் ஒரு தமிழ்க் கட்டு வந்தது. கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை கடலோர நிலங்கள். விடுதிகள் கட்ட நினைக்கும் ஒரு முதலீட்டுக்காரருக்காக. என் மேலாளர் ஓர்லா உற்சாகமாக வந்து, "யுவர் நெக் ஆஃப் த வுட்ஸ்!" என்றார். உன் ஊர்ப்பக்கம் என்று அதற்கு அர்த்தமாம்; நான் காடு என்று நினைத்து, "அங்கே காடெல்லாம் கிடையாது, பனைதான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடப்பாக்கத்துக்கு மேற்கே, பனந்தோப்பின் ஓரத்தில் இருக்கும் காலனியில் பிறந்தவள் நான். என் அப்பா அந்தோணி நிலக்காரர் வயலில் நாற்று முடிந்தவர். அவருடைய மகள் அயர்லாந்தில் உட்கார்ந்து அந்தக் கரையின் பத்திரங்களுக்குக் கேள்வி எழுதுகிறாள் என்று எனக்குள் ஒரு பெருமை.

சோதனைக்கு வந்த நாற்பதும் கோவளம், படூர் பக்கத்துப் பத்திரங்கள். அதில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வந்தது. நம் பத்திரங்களில் சொத்து விவரத்தின் கடைசியில் நான்கெல்லை சொல்வார்கள் அல்லவா? இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு என்று. அந்த இன்னார்களையெல்லாம் இயந்திரம் சொத்துக்காரர் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு வரி சேர்த்தேன்: எல்லையில் வரும் பெயர்களை விட்டுவிடவும். பிழை உடனே நின்றது. ஓர்லா அந்த வரியை எல்லோருக்கும் காட்டிப் பாராட்டினார்.

இன்னொன்றும் செய்தேன். பதினேழாவது கேள்வி: "விற்பவர் அல்லாத வேறு எவரேனும் சொத்தில் குடியிருக்கிறார்களா?" நான் மூன்று பதில்கள் வைத்திருந்தேன்: ஆம், இல்லை, குறிப்பிடப்படவில்லை. மூன்றாவது பதில் குழப்புகிறது, இரண்டு போதும் என்று வாடிக்கையாளர் கேட்டதாக ஓர்லா சொன்னார். குறிப்பிடாததும் இல்லாததும் ஒன்றல்ல என்று அப்போதே எனக்குத் தெரியும். ஒரு நாளும் நிலத்தைப் போய்ப் பார்க்காதவள் அல்ல நான். ஆனாலும் "ஓகே" என்று சொல்லி மூன்றாவதை இரண்டாவதோடு சேர்த்தேன். கட்டு ஓடியது. அறிக்கை போய்ச் சேர்ந்தது.

நான்கு மாதம் கழித்து, நான் மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது மோசஸ் அண்ணன் கூப்பிட்டது. அண்ணன் ஊரில் வேன் ஓட்டுகிறது. அம்மாவும் அண்ணன் குடும்பமும் அப்பா கட்டிய வீட்டில்தான்.

"பாப்பா, வேலையா கீறியா?"

"சாப்புட்டுகினு கீறேன், சொல்லுண்ணா."

"நம்ம காலனில கல்லு நட்டுகினு போறானுங்க. நெலக்காரரு மொத்தத்தையும் வித்துட்டாராம். காலி மனைன்னு வித்து கீறாரு. பேப்பர்ல வூடே இல்லன்னு கீதாம். நான் வூட்டு வாசல்ல நின்னுகினுதான் அவன்கிட்ட பேசினேன், பாப்பா. இது இன்னான்னு கேட்டா, பேப்பரக் காட்றான்."

"யாரு எழுதின பேப்பரு?"

"எவன் எய்தினான்னு நானும் கேட்டேன். கம்ப்யூட்டருன்றான். போட்டா புடிச்சு அனுப்பிகிறேன், பாரு."

படத்தைத் திறந்தேன். ஆங்கில அட்டவணை. முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி என்று இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரிசை என்னுடையது. பதினேழுக்கு நேரே "நோ" என்று இருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

அன்று பிற்பகல் விதியை மீறினேன். எங்கள் கிராமத்தின் பெயரைப் போட்டுக் கட்டுக்குள் தேடினேன். காலனி இருக்கும் நிலத்தின் பத்திரத்தில் பனைமரங்கள் இருந்தன, பாழடைந்த கிணறு ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வீடுகளில் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேற்கே ஒட்டியிருக்கும் நிலத்தின் பழைய கிரயப் பத்திரத்தைத் திறந்தேன். அதே நிலக்காரரின் தகப்பனார் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தது. கடைசிப் பக்கத்தில் நான்கெல்லை: "மேற்படி கிராமக் காலனி அந்தோணி வகையறா வசிக்கும் வீடுகளுக்கு மேற்கு."

என் வாழ்நாளில் அப்பா பெயரை ஒரு பத்திரத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் ரேஷன் கார்டிலும் கரண்ட் பில்லிலும் காலனி என்றுதான் இருக்கும், எந்தச் சர்வே எண் என்று எதிலும் இருக்காது. நாங்கள் அந்த மண்ணில்தான் இருந்தோம் என்று நிலக்காரர் குடும்பமே கையெழுத்துப் போட்டுச் சொன்ன ஒரே இடம் இந்த வரி. அதைத்தான் விட்டுவிடச் சொல்லி நான் எழுதிக்கொடுத்திருந்தேன்.

ஓர்லாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், திறந்து பார்த்ததையும் சேர்த்து. அவர் மோசமானவர் அல்ல. கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"உன் குடும்பம் இந்த விற்பனையில் ஒரு பார்ட்டியா?" என்று கேட்டார்.

"பார்ட்டி இல்லை. பவுண்டரி" என்றேன்.

அவர் முகம் இளகியது. "உண்மைதான். பவுண்டரீஸ் ரொம்ப முக்கியம்" என்றார். குடும்ப விஷயமும் அலுவலக விஷயமும் கலக்காமல் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதாகப் புரிந்துகொண்டார். விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னை அந்தக் கட்டிலிருந்து விடுவிப்பதாகவும், அதுதான் எனக்கும் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட்டார். இனி வரும் கட்டுகளில் குறிப்பைத் திருத்தலாம். போன அறிக்கைக்கு ஒரு திருத்தக் கடிதம் போகும் என்றார். கடிதம் போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை, அலுவலகம் போகும் வழியில், அந்தப் பத்திரத்தின் எண்ணையும் வருடத்தையும் அண்ணனுக்குச் சொன்னேன். சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் எண் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் நகல் எடுக்கலாம். அண்ணன் மனுப் போட்டது, அலைந்தது, நகல் கையில் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பத்தாவது நாள் காலையில் இயந்திரங்கள் வந்துவிட்டன. செங்கல்பட்டில் என்னோடு வேலைபார்த்த சிநேகிதி ஒருத்தி அந்த நகலை வைத்துத் தடை உத்தரவு வாங்கினாள். அதனால் ஒன்பது வீடுகள் நிற்கின்றன. பதின்மூன்று வீடுகள் போய்விட்டன. எங்களுடையது மூன்றாவதாகப் போனது. அம்மா இப்போது கடப்பாக்கத்தில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். வழக்கு நடக்கிறது.

அந்தக் கேள்விகளை எழுதியது நான்தான் என்று அண்ணனிடம் உடனே சொல்லவில்லை. எண் எப்படித் தெரிந்தது என்று அண்ணனும் கேட்கவில்லை; படித்தவள், ஏதோ தேடி எடுத்திருப்பாள் என்று நினைத்திருக்கும். தடை உத்தரவு வந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். எதிர்முனையில் வேன் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அண்ணன் அதை அணைத்தது.

"அந்தப் பேப்பர்ல கீற கேள்வியெல்லாம் நீ எய்தினதா?"

"ஆமாண்ணா."

"எத்தினி?"

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணு கேட்டுகிற," என்றது. "எங்ககிட்ட ஒண்ணு கேட்டுகலாம்ல பாப்பா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் கூப்பிடுகிறது. அம்மாவின் மாத்திரை, வழக்கின் வாய்தா என்று பேசுகிறது. என் வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. நானும் வேலையை விட்டுவிடவில்லை. விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. இப்போது ஸ்பெயின் நாட்டுக் குத்தகைப் பத்திரங்களுக்குக் கேள்வி எழுதுகிறேன். அங்கே எல்லையில் இருப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

போன வாரம் அண்ணன் வீடியோவில் வந்தது. வழக்கறிஞர் கேட்டதற்காக, இடித்த இடத்தைப் படமெடுக்கப் போயிருந்தது. இங்கே தூறல், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். தோப்பையும் வெட்டிவிட்டார்கள். "ஒண்ணு பாரு பாப்பா," என்று போனைத் திருப்பியது. "இப்ப இங்கேந்தே கடலு தெரியுது." நாங்கள் பிறந்து வளர்ந்த வாசலிலிருந்து ஒரு நாளும் தெரியாத கடல், ஆலம்பரைக் கோட்டையின் இடிசுவருக்கு அந்தப் பக்கம் வெயிலில் பளபளத்தது. அழகாக இருந்தது. விடுதி கட்ட நினைத்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று புரிந்தது.

பிறகு அண்ணன் போனைக் கீழே தாழ்த்தி, எங்கள் வீடு இருந்த மணலின் மேல் மெதுவாக நடந்தது. இது திண்ணை, இது படுக்கிற இடம், இது அம்மா அடுப்பு என்று சொல்லிக்கொண்டே போனது. திரையின் மூலையில் சின்னச் சதுரத்துக்குள் குல்லா போட்ட என் முகம் தெரிந்துகொண்டிருந்தது. அது சரியாக அந்த அடுப்படி மணலின் மேல் கிடந்தது. அண்ணன் நடக்க நடக்க மணல் நகர்ந்துபோனது. என் முகம் இருந்த இடத்திலேயே இருந்தது.