ராணி கதவைத் திறந்தாளா?

போன திங்கட்கிழமை காலை ரயிலில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. சாம்பியன் ஸ்டேஷனில் ஏறும்போது நல்ல குளிர். ஜன்னலோர சீட் வேறு. ஆனாலும் வியர்த்தது. காரணம்... ஒரு கற்பனை ராணி.

எங்கள் பெட்டியில் ஸ்டெல்லா கதை சொல்வதைப் பற்றி முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக — ஸ்டெல்லா பெங்களூரில் ஓர் ஆபீஸில் ரிசப்ஷனிஸ்ட். தலையணை சைஸில் வரும் ஆங்கில ஃபேன்டஸி நாவல்களைப் படிப்பவள். படித்ததை மறுநாள் ரயிலில் தமிழில் எங்களுக்குச் சொல்வாள். பங்கார்பேட் தாண்டினால் ஆரம்பம், ஒயிட்ஃபீல்டு வந்தால் தொடரும். ஏழு பாகமும் ஒரே கதை. இரண்டு வருஷமாக ஓடுகிறது. டிவி சீரியல் எல்லாம் பக்கத்தில் வர முடியாது.

அதில் ஒரு மலைக்கோட்டை ராணி. முதல் பாகத்தில் பெற்ற மகனையே நாடு கடத்துகிறாள். எதிரி நாட்டுப் பெண்ணுக்கு அடைக்கலம் கொடுத்துவிட்டானாம். ‘இனி இந்தக் கதவு உனக்குத் திறக்காது’ என்கிறாள். அடுத்தடுத்த பாகங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறாள். தோற்கிறாள். பட்டினி கிடக்கிறாள். சிப்பாய்களோடு வரிசையில் நின்று தண்ணீர் சுமக்கிறாள். எதிரி நாட்டுக் கைதிகளுக்குத் தன் கையால் கஞ்சி ஊற்றுகிறாள். ஐந்தாம் பாகத்தில்தான் மகனின் பெயரை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள்.

அந்த இடம் வந்தபோது கனகா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

கனகா அக்கா ஒயிட்ஃபீல்டில் ஒரு கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். வீடு எங்கள் ஊரில் மைசூர் மைன்ஸ் பகுதி. ஒரே மகன் பிரபு. விவாகரத்தாகி, கையில் குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணை அவன் கட்டிக்கொண்டபோது, ‘என் வாசப்படிய மிதிக்காதே’ என்று சொன்னவர். அவன் இப்போது ஓசூரில். நம்பர் போனில் இருக்கிறது. இவர் கூப்பிட்டதில்லை, அவனும் கூப்பிட்டதில்லை. இதை அக்கா ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமா என்ன? எங்கள் ஊரில் யார் வீட்டுச் சண்டை யாருக்குத் தெரியாது?

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா நிறுத்திய இடம் இது: பனி கொட்டுகிறது. அடிபட்ட மகன் ஊர்ந்து வந்து கோட்டைக் கதவைத் தட்டுகிறான். அவனுக்குப் பின்னால் எதிரிப் படை. திறந்தால் மகன் பிழைப்பான் — படையும் உள்ளே புகுந்துவிடலாம். கதவுக்கு இந்தப் பக்கம் ராணி நிற்கிறாள்...

ஒயிட்ஃபீல்டு வந்துவிட்டது.

இறங்கும்போது கனகா அக்கா சொன்னார். “அவ தொறக்கட்டும் ஸ்டெல்லா. தொறந்துட்டான்னா, நானும் ஒரு போன் போட்டுப் பாக்கறேன்.”

யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமையே கடைசிப் பாகத்தைப் போனில் இ-புக்காக வாங்கி, நேராக முடிவுக்குப் போனேன். ராணி திறக்கவில்லை. கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தட்டும் சத்தம் நிற்கும்வரை நிற்கிறாள். கோட்டை தப்பிக்கிறது. போர் முடிகிறது. ஆறு பாகமாகப் போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. சுபம்.

இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் வியர்த்தது என்று?

திங்கட்கிழமை பங்கார்பேட் தாண்டியது. ஸ்டெல்லா ஆரம்பிக்கவில்லை. தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடினாள். மறுபடி திறந்தாள். கனகா அக்கா போனை மடியில் தயாராக வைத்திருந்தார்.

“இன்னா ஸ்டெல்லா, சொல்லு. ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு.”

ஸ்டெல்லா ஆரம்பித்தாள். பனியைச் சொன்னாள். காற்றைச் சொன்னாள். தீப்பந்தத்தைச் சொன்னாள். மாலூரும் வந்து போயிற்று, ராணி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். பிறகு ஸ்டெல்லாவின் குரல் தாழ்ந்தது.

“அந்தப் பெரிய கதவுக்குள்ள ஒரு சின்னக் கதவு இருக்குதுக்கா. ஒரு ஆள் குனிஞ்சு வர்ற அளவு. ராணி அத தொறந்து, தானே வெளிய போயி, புள்ளய இழுத்துனு உள்ள வந்துட்டா.”

அப்படி ஒரு சின்னக் கதவு அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கனகா அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் போனைத் தடவியது. நான் மூச்சை விட்டேன். பொய்தான்... இருந்தால் என்ன? நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

எதிர் சீட்டுக்காரர் திறந்தார். கழுத்தில் ஆபீஸ் கார்டு மாட்டிய, முப்பது வயது ஆள். மிக மரியாதையாகத்தான் சொன்னார். “சாரி மேடம், நானும் அந்த புக் படிச்சிருக்கேன். அப்படி வராதே. லாஸ்ட் வரைக்கும் அவங்க கதவ ஓப்பனே பண்ண மாட்டாங்க. பையன் வெளியவே செத்துடுவான்.”

முறைத்தேன். என்ன பிரயோஜனம்?

“நெஜமா?” என்று கேட்டார் கனகா அக்கா. அவரை அல்ல, ஸ்டெல்லாவை.

ஸ்டெல்லா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “ஆமாக்கா.”

“அப்ப எனக்காக மாத்திச் சொன்னியா? பாவம் பாத்தியா?”

“அப்படி இல்லக்கா...”

“என் ஊட்டு விஷயத்த நான் உங்கிட்ட எப்பனா சொன்னேனா? எனக்குப் பொய்க் கதை போதும்னு நீயா முடிவு பண்ணிட்டியா?”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. அக்கா எழுந்து வாசல் பக்கம் போய், கம்பியைப் பிடித்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிர் சீட்டுக்காரர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமாதானம் சொல்ல எழுந்தேன். என்னவென்று சொல்வது? உட்கார்ந்துவிட்டேன்.

ஒயிட்ஃபீல்டுக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றது. கனகா அக்கா திரும்பி வந்தார். உட்காரவில்லை.

“உள்ளது உள்ளபடி சொல்லு. எவ்ளோ நேரம் தட்டினு இருந்தான்?”

ஸ்டெல்லா சொன்னாள். தட்டும் சத்தம், கதவில் வைத்த கை, பிறகு சத்தம் நின்றுபோனது... எதையும் மழுப்பவில்லை. சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

அக்கா நின்றபடியே கேட்டு முடித்தார். “எழுதுனவனுக்கு அறிவு கீதா? மொத பாகத்துலயும் கதவ சாத்துனா, கடசி பாகத்துலயும் சாத்துறதுன்னா, நடுவுல எதுக்கு அத்தன தண்ணி சொமந்தா? எதுக்குக் கஞ்சி ஊத்துனா?”

எதிர் சீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “இல்ல ஆண்ட்டி... மொதல்ல கோவத்துல சாத்துனாங்க. இப்ப உள்ள இருக்கற ஜனங்களுக்காக சாத்துறாங்க. அவங்க மாறிட்டாங்கன்னு அதுலதானே தெரியுது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாதம் சரிதான்... சொல்கிற நேரமா இது?

கனகா அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“சரி. அவ ஜனங்களுக்காக சாத்துனா. நான் யாருக்காக சாத்துனேன்?”

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எங்கள் முன்னாலேயே நம்பரை அழுத்தினார். வண்டி நின்றிருந்ததால் ரிங் போவது எங்களுக்கும் கேட்டது. எடுத்தது ஒரு குழந்தை.

“யாரு?”

அக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“யாரு பேசறது?”

“பிரபு... பிரபுவோட அம்மா பேசறேன்.”

“அப்பா குளிக்கிறாங்க.”

அப்பா. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அக்கா சீட்டில் உட்கார்ந்துவிட்டார். “வந்ததும் சொல்லு கண்ணு” என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். வண்டி நகர்ந்தது.

அன்று முழுக்க எனக்கு ஆபீஸ் வேலை ஓடவில்லை. கூப்பிடுவானா? கூப்பிடாமல் விட்டுவிட்டால்?

சாயங்கால ரயிலில் அக்காவே சொன்னார். மத்தியானம் கூப்பிட்டானாம். “சாப்டியான்னு கேட்டான். சாப்டேன்னேன். ஊட்டுக்கு வா, மூணு பேருமா வாங்கன்னேன். பாக்கலாம்மான்னான். கோவம் கீது. இருக்காதா பின்ன?”

இதை எழுதும்வரை அவன் வரவில்லை. ஆனால் தினமும் ஒரு போன் வருகிறது. சில நாள் அந்தக் குழந்தைதான் பேசுகிறது.

யோசித்துப் பார்க்கிறேன். ஸ்டெல்லாவின் பொய்க்கு அக்கா உருகினார். ஆனால் அவரை உலுக்கி எழுப்பியது, அவருக்குப் பிடிக்காத அந்த நிஜ முடிவுதான். நமக்குப் பிடித்த மாதிரி முடிகிற கதையை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். பிடிக்காத முடிவோடு மல்லுக்கு நிற்கும்போதுதானே நம்மைப் பற்றி நாலு கேள்வி கேட்டுக்கொள்கிறோம்?

அக்கா போன் போட்ட மறுநாள் ஸ்டெல்லா ஓரமாக உட்கார்ந்து, வாயே திறக்காமல் வந்தாள். பங்கார்பேட் தாண்டியதும் கனகா அக்கா அவள் தோளைத் தட்டினார்.

“இன்னா, அடுத்த கதய ஆரம்பி. முடிவு எப்படி இருந்தாலும் அப்படியே சொல்லு. திட்டுறத நான் பாத்துக்கறேன்.”